கல் ராஜா விழாமல் மதுரைக்குப் போவதில்லை

நான் முதன்முதலாக ஒரு வீடியோ கேமை முழுதாக முடித்தது சின்னமனூர் பேருந்து நிலையத்தில். வண்டி கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தது. மடியில் எட்டாம் வகுப்பு விடைத்தாள் கட்டு, அதன்மேல் கைக்கு அடக்கமான அந்தப் பெட்டி. திரையில் ஒரு கடல் அரக்கி பொடிப்பொடியாக உதிர்ந்தாள். வானம் வெளுத்தது. வயலின் வாசித்தார்கள். ஆட்டத்தை உருவாக்கியவர்களின் பெயர்கள் கீழிருந்து மேலே வரிசையாகப் போக ஆரம்பித்தன. எனக்குக் கண்ணீர் கொட்டியது. பக்கத்து இருக்கையில் முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என் தோளைத் தொட்டு, "யாரு தவறிட்டாக?" என்று கேட்டார்.

"யாருமில்லம்மா."

"அப்ப அழுகாதத்தா. வண்டி எடுக்கப் போறாக" என்றார்.

எனக்கு அப்போது நாற்பது நடந்துகொண்டிருந்தது. வேதியியல் ஆசிரியை. பழனிசெட்டிபட்டியில் வீடு, உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம், இரண்டுக்கும் நடுவே தினமும் போகவும் வரவும் பேருந்து. பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி புதுப் பெட்டி வாங்கியபோது பழையதை என் தலையில் கட்டினான். "பஸ்ல போரடிக்கும்லக்கா" என்றான். பேருந்தில் எனக்குப் போரடித்ததே இல்லை, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தூக்கம் அன்றோடு போனது.

ஆட்டத்தை முடிப்பது பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. கேட்டால் சொல்ல நிறைய இருக்கிறது. முடித்தவுடன் வருவது மகிழ்ச்சி இல்லை. கல்யாண வீட்டில் பந்தலைப் பிரித்த மறுநாள் மாதிரி இருக்கும், எங்கே உட்காருவது என்று தெரியாது. கை சும்மா இருக்காது, விரல் தானாக எதையாவது அமுக்கும். ஒருமுறை வகுப்பில் அமில-காரத் தரம்பார்த்தல் நடத்திக்கொண்டிருந்தபோது சாக்பீஸை இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். மகிழ்ச்சி வராததோடு இன்னொரு அநியாயமும் உண்டு. பெயர்களெல்லாம் ஓடி முடிந்து, முற்றும் என்று போட்டு, பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி திறந்தால், நம் ஆள் கடைசிச் சண்டைக்கு முந்தின வாசலில் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றுகொண்டிருப்பான். நாம் கொன்ற அரக்கி உள்ளே சுகமாக உட்கார்ந்திருப்பாள். நாம் முடித்ததற்கு அத்தாட்சியாக ஓரத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் மட்டும் இருக்கும். நான் இதைத் தம்பியிடம் சொல்லிச் சண்டை போட்டேன். எல்லா ஆட்டமும் அப்படித்தான் என்றான்.

இனி மாமா. மாமா என்று நான் சொல்வது என் மாமனாரை. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கத்தோலிக்க கிராமத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். அந்த ஊரில் கோயில் மணி அடித்தால் பம்புசெட்டில் குளித்துக்கொண்டிருப்பவர்கூட ஈரக் கையோடு சிலுவை போட்டுக்கொள்வார். நான் தேனி கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருந்த புராட்டஸ்டண்ட் குடும்பத்துப் பெண். எங்களுக்குப் பாட்டு, நீண்ட பிரசங்கம், அப்புறம் வீட்டுக்கு வந்து பிரியாணி. இவர்களுக்குச் செபமாலை, அது முடிந்ததும் மன்றாட்டு மாலை. ஒருவர் மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். மற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று பதில் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் பாதியிலேயே தூங்கிவிட்டேன். தூங்கிக்கொண்டே பதிலை மட்டும் ஒழுங்காகச் சொன்னதாக அத்தை இன்றும் ஊரெல்லாம் சொல்லுவார். அந்த வீட்டில் பதில் சொல்வது வாய் பார்க்கிற வேலை, மூளைக்கு அதில் பங்கில்லை.

போன வருடம் திராட்சைக்குக் கவாத்து வெட்டும்போது மாமாவுக்கு நெஞ்சை அடைத்தது. மதுரையில் பெரிய டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். மூன்று இடத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். மாமா பணிவாகத் தலையாட்டிவிட்டு ஊருக்கு வந்து தள்ளிப்போட ஆரம்பித்தார். கவாத்து முடியட்டும் என்றார். முடிந்தது. மருந்தடிப்பு முடியட்டும் என்றார். அறுப்பு முடியட்டும் என்றார். பிறகு கோயில் திருவிழா வந்தது. "என் தோளில்லாம சப்பரம் நகராது" என்றார். அவர் சப்பரத்துக்குத் தோள் கொடுத்துப் பல வருடம் ஆகிறது, அது பாட்டுக்கு நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அத்தை அழுதார். என் கணவர் கத்தினார். மாமா வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டு இரண்டையும் கேட்டுக்கொண்டார்.

கோடை விடுமுறைக்கு என்னை அங்கே அனுப்பியது மாமாவை வழிக்குக் கொண்டுவரத்தான். என் கணவர் தேனியில் சொட்டுநீர்க் குழாய் விற்கிறார், கோடையில் கடையை விட்டு நகர முடியாது. "நீ சொன்னா அப்பா கேப்பாரு" என்றார். மாமா அதுவரை நான் சொல்லி எதையும் கேட்டதில்லை, நான் வைக்கும் ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறது என்பதைக்கூட.

அப்போது நான் ஆடிக்கொண்டிருந்தது ஒரு விளக்குக்காரனின் கதை. குள்ளமான ஆள். முதுகில் ஒரு விளக்கு, ஏறிப்போக ஒரு சாம்பல் நிறக் குதிரை. மலைமேல் இருக்கும் கல் ராஜா சூரியனைப் பிடித்துக் கோட்டைக்குள் பூட்டி வைத்துவிட்டான். விளக்குக்காரன் ஊர் ஊராகப் போய், கடைசியில் கல் ராஜாவை வீழ்த்திச் சூரியனை மீட்க வேண்டும். நான் ஒரு வருடம் பேருந்தில் ஆடி ஆடி, கோட்டை வாசல்வரை வந்திருந்தேன்.

கரண்ட் போன ஒரு மத்தியானம் மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைக் குனிந்து பார்த்தார். இவன் யார், எங்கே போகிறான், ஏன் போகிறான் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு குதிரையைக் காட்டினார்.

"இது கடேசியா எப்பத் தண்ணி குடிச்சுது?"

"இது குடிக்காது மாமா."

"ஏன், சொகமில்லையா?"

"பொம்மைக் குதிரை மாமா. தண்ணி குடிக்கிறதுக்கு இதுல பட்டன் கிடையாது."

"குத்துறதுக்கு இருக்கு, வெட்டுறதுக்கு இருக்கு, தாவுறதுக்கு இருக்கு. தண்ணிக்கு மட்டும் இல்லையாக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது சனி. விளக்குக்காரன் போகும் ஊர்களில் வீடுகளுக்குள் நுழைந்து பானைகளை உடைத்தால் உள்ளே ஏதாவது கிடைக்கும். எல்லாரும் அப்படித்தான் ஆடுவார்கள். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. "அடுத்த வீட்டுக்குள்ள கேக்காமப் போறான். பானைய ஒடைக்கிறான். அந்தப் பொம்பள என்னடான்னா சிரிச்சுக்கிட்டு நிக்குது. இவனா சூரியன மீக்கப் போறான்?" என்றார். அதன்பிறகு பானை உடைக்கத் தடை. வீட்டுக்குள் போவதற்கு முன் கதவருகே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். கோட்டை வாசலிலிருந்து திரும்பிப் பழைய ஊருக்கெல்லாம் போகச் சொன்னார், யாரோ ஒரு கிழவனின் வேலியைச் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருந்தேனாம். எனக்கு நினைவே இல்லை. முதல் நாள் கதை கேட்டபோது நானே சொன்னதாக மாமாவுக்கு நினைவிருந்தது. வேலியைச் சரிசெய்து கொடுத்தேன். கிழவன் எனக்கு ஒரு தொப்பி கொடுத்தான். "வெயிலுக்காகும்" என்றார் மாமா. சூரியனே இல்லாத ஊர் அது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மதுரையிலிருந்து போன் வந்தது. டாக்டர் வெளியூர் போவதற்கு முன் ஆபரேஷனை முடித்துவிடலாம், எப்போது வருகிறீர்கள் என்றார்கள். அத்தை போனைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தார். மாமா என் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"இந்தக் கல் ராசா விழுகட்டும்" என்றார். "விழுந்த மறுநா காலையில மதுரைக்கு வாரேன். மாதா மேல சத்தியம்."

மாமா மாதா மேல் சத்தியம் செய்தால் மாறமாட்டார். அதற்குமுன் ஒரே ஒருமுறை செய்திருக்கிறார், பீடியை விடுவதற்கு. அன்றோடு விட்டார்.

நான் அப்போது அடுப்படியில் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து பீர்க்கங்காயைப் பாதி நறுக்கியிருந்தேன், பெட்டி ஒரு பக்கம் மடியில் இருந்தது. அதுவரை அந்தப் பெட்டிக்கு அத்தை வைத்திருந்த பெயர் 'கெரகம்'. போனை வைத்துவிட்டு வந்து என்னை எழுப்பி, தான் அரிவாள்மனையில் உட்கார்ந்தார்.

"நீ போயி வெளையாடு ஆத்தா" என்றார்.

இந்த வாக்கியத்தை எந்த மாமியாராவது எந்த மருமகளிடமாவது இதற்குமுன் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. காலையில் இட்லி கைக்கு வந்தது. பதினோரு மணிக்கு ஹார்லிக்ஸ் வந்தது. பாத்திரத்தில் கைவைத்தால், "வெரலு மரத்துப் போகும், விடு" என்று அதட்டல். கட்டைவிரலுக்குத் தேய்க்கத் தைலம் வாங்கி வந்தார். என் கணவர் கடையிலிருந்து போன் செய்வார்.

"என்னாச்சு? எத்தன தடவ செத்த?"

"எண்ணலங்க."

"செத்துக்கிட்டே இருந்தா எப்படி? கொஞ்சம் சீரியஸா வெளையாடு. அப்பாவுக்கு நாளாகுதுல்ல."

கல் ராஜா சாமான்யப்பட்டவன் இல்லை. ஒருமுறை விழுந்து எழுவான், இரண்டாம் முறை விழுந்து எழுவான், மூன்றாம் முறை இரண்டு மடங்கு பெரிதாக எழுவான். ஊருக்குள் விஷயம் பரவிவிட்டது. கோயில் வாசலில் பெண்கள் என் கையைப் பிடித்துப் பார்த்து, "வலிக்குதாத்தா?" என்றார்கள். லோடு ஏற்ற வந்த திராட்சை வியாபாரி ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்தபடியே, "ராசா விழுந்துட்டானா?" என்றார். சாமியார் வராத நாட்களில் செபம் நடத்துகிற உபதேசியார், மாலைச் செபத்தில் நோயாளிகளுக்கும் மழைக்கும் வேண்டிக்கொண்ட கையோடு, நம் சகோதரி கையில் எடுத்திருக்கும் காரியம் நல்லபடியாக முடிய மன்றாடுவோம் என்று சேர்த்துக்கொண்டார். கோயில் முழுக்கத் தலைகுனிந்து மன்றாடியது. கையில் தைல வாடையோடு நானும் குனிந்திருந்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பேர் எனக்காக வேண்டிக்கொண்டதில்லை. பி.எட். பரீட்சைக்குக்கூட என் அம்மா ஒருத்திதான் வேண்டிக்கொண்டாள்.

என் கணவர் எங்கேயோ விசாரித்துவிட்டு ஒருநாள், "அதுல ஈஸின்னு ஒண்ணு இருக்காமே, அதப் போட்டா ராஜா சீக்கிரம் விழுந்துருவானாமே" என்றார். இருக்கிறது. எனக்கும் தெரியும். கௌரவத்துக்காக அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். மாமாவின் உயிரைவிட என் கௌரவம் பெரிதில்லை என்று மாமாவிடமே போய்ச் சொன்னேன்.

"ஈஸின்னா என்ன செய்யும்?"

"ராசாவோட பலத்தக் கொறச்சிரும் மாமா. அடிச்சா அவனுக்கு ரொம்ப வலிக்கும், அவன் அடிச்சா நமக்கு வலிக்காது."

"கைய கட்டிப்போட்டு அடிக்கிற மாதிரி."

"அப்படித்தான்."

"அதெல்லாம் ஆகாது. அவனும் ஒரு ராசா" என்றார். யாரோ ஆடி முடித்த வீடியோவைப் போனில் காட்டலாம் என்றார் என் கணவர். அதுவும் செல்லாது, அது வேறு ராஜா என்றார் மாமா.

இரண்டு மூன்று தடவை நான் ஜெயிக்கும் நிலைக்கு வந்தேன். ராஜாவுக்குக் கொஞ்சம்தான் உயிர் மிச்சம். அப்போதெல்லாம் மாமாவுக்கு இருமல் வந்தது. அல்லது தாகம் எடுத்தது. ராஜா முன்னால் நிற்கும்போதே, "ஆத்தா, பின்னால" என்று எச்சரித்தார். ஒருநாள் ராஜா கடைசி மூச்சில் இருக்கும்போது, திரைமேல் ஈ உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி முழுக் கையையும் வைத்து மூடினார். ஈ எதுவும் இல்லை. விளக்குக்காரன் செத்தான். நான் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"மாமா, பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்."

மாமா வேட்டியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"போன வருசம் கெணத்து மோட்டாரக் கழட்டி மாட்டுனேன்ல" என்றார். "மாட்டி முடிச்ச பெறகு பாத்தா ரெண்டு போல்ட்டு தரையில கெடக்கு. மோட்டாரு ஓடத்தான் செஞ்சுது. ஆனாலும் ரெண்டு போல்ட்டு மிச்சம்."

"டாக்டரு அப்படியெல்லாம் மிச்சம் வைக்கமாட்டாக மாமா."

"நான் மட்டும் வைக்கணும்னா வெச்சேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நின்றதும், நானும் இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். "எனக்கும் முடிக்கப் பிடிக்கல மாமா. முடிச்சா வெறிச்சுன்னு ஆயிரும்."

"எத்தன நாளைக்கு?"

"ரெண்டு நாளைக்கு இருக்கும். அப்புறம் வேற ஆட்டம் எடுத்துருவேன்."

"எனக்கு வேற நெஞ்சு இல்லயே ஆத்தா" என்றார் மாமா.

நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். கத்தோலிக்க வீட்டில் வேற்றுச்சபைப் பெண்ணாக வந்து நுழைந்தபோது, எங்கள் பிரசங்கம் எவ்வளவு நேரம் போகும் என்று ஆசையாக விசாரித்த ஒரே ஆள் அவர்தான். ஆபரேஷனுக்குப் போனால் செத்துவிடுவாரோ என்று எனக்கும் பயம். போகாவிட்டால் செத்துவிடுவார் என்று இன்னும் பயம். ராஜா விழாததில் எனக்கும் உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்தேன்.

"நாளைக்கு அடி. நான் பேசல" என்றார் மாமா.

மறுநாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் அன்பியம். அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து, வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்வார்கள், அந்த வாரம் எங்கள் முறை. முன்கூடமான பட்டாசாலையில் பாய் விரித்து, மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, உபதேசியார் புத்தகத்தை விரித்தார். பெண்கள் நிறைய வந்திருந்தார்கள். மாமாவும் நானும் பக்கத்து அறையில் கட்டில்மேல் இருந்தோம். நோயாளி என்பதால் அவருக்கு விலக்கு, அவருக்குத் துணை என்பதால் எனக்கும். மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்காக இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டியின் சத்தத்தைக் குறைத்தேன். அங்கே செபமாலை தொடங்கியது, இங்கே நான் கோட்டைக்குள் நுழைந்தேன்.

செபமாலையின் தாளத்துக்கு விளக்குக்காரன் நன்றாகவே சண்டை போட்டான். முதல்முறை ராஜா விழுந்தான். இரண்டாம் முறை விழுந்தான். அங்கே மன்றாட்டு மாலை ஆரம்பித்து, உபதேசியார் மாதாவின் பட்டங்களைச் சொல்லச் சொல்ல, கூடம் முழுக்கப் பதில் சொன்னது. மூன்றாம் முறை ராஜா எழுந்தான். மாமா இருமவில்லை. வாயைத் திறக்கவில்லை. கண்ணை மட்டும் மூடவில்லை. எட்டு வைத்துப் பின்வாங்கி, ராஜா காலைத் தூக்கிய நேரத்தில் உள்ளே புகுந்து விளக்கை அவன் நெஞ்சில் இறக்கினேன். கல் ராஜா நடுவில் பிளந்து உட்கார்ந்தான். நெஞ்சுக்குள் இருந்து சூரியன் வெளியே வந்தது. மாமா ஒரு கையை எடுத்துத் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

பெயர்கள் மேலே போக ஆரம்பித்தன. அங்கே உபதேசியார் ஒவ்வொரு பட்டமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், இங்கே ஒவ்வொரு பெயராக எழும்பிக்கொண்டிருந்தது. மாமாவின் வாய் தானாகத் திறந்தது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார், திரையைப் பார்த்து.

அடுத்த பெயர் வந்தது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

எல்லாம் ஜப்பானியப் பெயர்கள், ஆட்டம் ஜப்பானில் செய்தது என்று அவருக்கு முன்பே சொல்லியிருந்தேன். ஒன்றையும் அவர் படிக்கவில்லை. பெயர் மாதிரி எது கீழிருந்து எழும்பினாலும் பதில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் உபதேசியாரின் மாலை முடிந்துவிட்டது. என் பெட்டியின் மாலை முடியவில்லை. நிறையப் பேர் வேலை பார்த்த ஆட்டம். மாமா நிறுத்தவில்லை. அவர் குரல் கூடத்துக்குக் கேட்டது. பெரியவர் இன்னும் பதில் சொல்கிறார் என்றால் இன்னும் பட்டங்கள் மிச்சம் இருக்கின்றன என்றுதானே அர்த்தம்? ஒரு பெண் தயங்கிச் சேர்ந்துகொண்டாள். பிறகு நாலு பேர். பிறகு மொத்தக் கூடமும், யாரும் எதையும் சொல்லாமலே, மாமாவைத் தொடர்ந்து பதில் சொல்ல ஆரம்பித்தது. மூடிய புத்தகத்தை உபதேசியார் திறந்து, எந்தப் பக்கத்தை விட்டோம் என்று புரட்டிக்கொண்டிருந்தது கதவிடுக்கில் தெரிந்தது.

குதிரையை வரைந்தவருக்குப் பதில் சொன்னார்கள். பிழை திருத்தியவர்களுக்குச் சொன்னார்கள். சட்டத் துறைக்குச் சொன்னார்கள். ஆட்டம் உருவான காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் என்று ஒரு பட்டியல் வந்தது, அந்தக் குழந்தைகள் ஒவ்வொன்றிடமும் எங்கள் ஊர் வேண்டிக்கொண்டது. எனக்கு முதலில் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு பார்த்தால் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்காகக்கூட இல்லை, அவருக்காக வேண்டிக்கொள்ளும் என்று மனதுக்குள் மாற்றிச் சொன்னேன். யாரென்றே தெரியாத, ஆட்டத்துக்குச் சத்தம் சேர்த்தவர்களிடம் அப்படிக் கெஞ்சினேன்.

முற்றும் என்று வந்தது. மாமா சிலுவை போட்டுக்கொண்டார். கூடமும் போட்டுக்கொண்டது. அத்தை அறை வாசலில் வந்து நின்றார்.

"விழுந்துட்டானா?"

"விழுந்துட்டான்" என்றார் மாமா.

அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பின்னாலேயே வந்த உபதேசியார், கடைசியில் சொன்னது எந்த மாலை, தன் புத்தகத்தில் இல்லையே என்று கேட்டார்.

"பூராம் ஜப்பான்காரக போல" என்றார் மாமா. "பாவம், நெறையப் பேரு ஒழைச்சிருக்காக."

"ஜப்பான்லயும் வேதத்துக்காக உசிர விட்ட வேதசாட்சிக உண்டுல்ல" என்று உபதேசியார் தலையாட்டிக்கொண்டு சுண்டல் வாங்கப் போனார்.

மறுநாள் காலையில், சொன்ன சொல்படி, மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் தூங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தம் எடுத்து, படம் எடுத்து, ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அத்தையிடம் எதுவும் சொல்லாமல் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஏதோ முக்கியமான விஷயம் என்று குனிந்தேன்.

"அவன் குதிரைய வாசல்லயே விட்டுட்டுக் கோட்டைக்குள்ள போனான்ல. அது என்னாச்சு?"

எனக்குத் தெரியவில்லை. ராஜா விழுந்தபிறகு நான் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. "பாத்துச் சொல்றேன் மாமா" என்றேன். கதவு மூடிக்கொண்டது.

வெளியே இரும்பு நாற்காலியில் நானும் அத்தையும் உட்கார்ந்தோம். என் கணவர் மருந்துச் சீட்டோடு மாடிக்கும் கீழுக்கும் அலைந்துகொண்டிருந்தார். அத்தை செபமாலையை எடுத்தார், தொடங்கினார், பாதியில் எந்த மணியில் இருக்கிறோம் என்று தெரியாமல் நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். பிறகு அதை மடியில் வைத்துவிட்டு, "அவுக குதிரையக் கேட்டாகல்ல. பாரு" என்றார்.

கைப்பையிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்தேன். கோட்டை வாசல். விளக்குக்காரன் வெளியே நின்றுகொண்டிருந்தான், தலையில் கிழவன் கொடுத்த தொப்பி. ஓரத்தில் சின்ன நட்சத்திரம். பக்கத்தில் குதிரை.

"ராசா?" என்றார் அத்தை.

"உள்ளதான் இருப்பான். மறுபடி உசிரோட."

"அப்ப எதுக்கு அந்தப் பாடுபட்டு அடிச்ச?"

"இது இப்படித்தான் அத்தை."

"சரி, அதத் தண்ணிக்கு ஓட்டு. அது தண்ணி குடிக்கலன்னுதான் அவுக பொலம்பிக்கிட்டே இருந்தாக" என்றார் அத்தை.

மலையிறங்கி ஆற்றங்கரைக்கு ஓட்டிப்போய்க் குதிரையைத் தண்ணீருக்குள் நிறுத்தினேன். அது நின்றது. குடிக்கவில்லை. பட்டன் இல்லை என்று அத்தையிடமும் சொன்னேன். என் விரல் பழக்கத்தில் எதையோ அமுக்க, குதிரை நாலடி நகர்ந்தது.

"கைய எடு" என்றார் அத்தை.

கையை எடுத்தேன். பெட்டியை எங்கள் இருவருக்கும் நடுவில், பையின்மேல் சாய்த்து வைத்தேன். ஒரு வருடம் ஆடியதில் அந்தக் குதிரையை நான் ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்கவிட்டதில்லை, எப்போதும் எங்கேயாவது அவசரமாகப் போய்க்கொண்டே இருந்தேன். இப்போது போக இடமில்லை. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் கதவைப் பார்த்தோம், குதிரையைப் பார்த்தோம். திரை மங்கினால் அத்தை ஒரு விரலால் பட்டும் படாமல் ஓரத்தைத் தொட்டார்.

குதிரை காதை ஆட்டியது. ஒரு காலை மாற்றி வைத்தது. பிறகு யாரும் எதையும் அமுக்காமல், தானாகக் கழுத்தைத் தாழ்த்தித் தண்ணீரில் வாயை வைத்தது. வளையம் வளையமாகத் தண்ணீர் விரிந்தது. யாரோ ஒரு ஜப்பான்காரர், யாரும் பார்க்காமல் போகக்கூடிய இந்த ஒன்றை உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அவரிடமும் அன்று நாங்கள் வேண்டிக்கொண்டிருந்தோம்.

"குடிக்குது" என்றார் அத்தை, மெதுவாக, அது பயந்துவிடும் என்பதுபோல.

ரொம்ப நேரம் கழித்து நர்ஸ் வந்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார். அத்தை போனார். சீக்கிரமே திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாக அத்தை?"

"வாயில கொழாய வெச்சிருக்காக. எப்படிச் சொல்லுவாக" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கண்ண முழிச்சு என்னையவே பாத்தாக. என்ன கேக்காகன்னு எனக்குத் தெரியாதா? குடிச்சிருச்சுன்னு சொன்னேன். அதுக்குப் பெறகுதான் தூங்குறாக."